அல்பேனியாவின் வரலாற்றுச் சின்னங்களும் அருங்காட்சியகங்களும்

அல்பேனியா, பால்கன் தீபகற்பத்தின் தென்மேற்கில், ஏட்ரியாட்டிக் கடலையும் அயோனியன் கடலையும் ஒட்டி அமைந்துள்ள ஒரு சிறிய நாடாகும். இதன் பரப்பளவு 28,748 சதுர கிலோமீட்டர். 2023 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு ஏறத்தாழ 24 லட்சம் மக்கள் வாழ்கின்றனர். இல்லிரியர், கிரேக்கக் குடியேற்றக்காரர், ரோமர், பைசாந்தியர், வெனிசியர், ஓட்டோமான் துருக்கியர் எனப் பலரும் வாழ்ந்தும் ஆண்டும் சென்ற நிலம் என்பதால், நாட்டின் அளவுடன் ஒப்பிடும்போது இங்குள்ள வரலாற்றுச் சின்னங்களின் எண்ணிக்கை மிக அதிகம். 1944 இறுதியிலிருந்து 1990களின் தொடக்கம் வரை நீடித்த பொதுவுடைமை ஆட்சி, இப்பழைய அடுக்குகளின் மேல் இன்னொரு அடுக்கைச் சேர்த்துச் சென்றுள்ளது. அது பதுங்குகுழிகளாலும் சிறைகளாலும் ஆனது.

புத்ரிந்த் (1992), ஜிரோகாஸ்தர் (2005), பெராட் (2008) ஆகியவை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களாகும். பெராட் தனிக் களமாக அன்றி, ஜிரோகாஸ்தருடன் சேர்ந்த ஒரே களமாகப் பதியப்பட்டுள்ளது. ஓரிட் ஏரியின் அல்பேனியக் கரை, வட மக்கெடோனியாவின் பகுதியுடன் இணைந்த களமாக 2019 ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது.

பின்னணி

அல்பேனியாவின் அருங்காட்சியகங்களைப் புரிந்துகொள்ள, அவற்றுட் பெரும்பாலானவற்றை நிறுவியது என்வர் ஹோஜாவின் தலைமையிலான பொதுவுடைமை அரசு என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். அந்த அரசுக்குத் தொல்லியல் ஒரு முக்கியமான துறையாக இருந்தது. இன்றைய அல்பேனியர் பண்டைய இல்லிரியரின் நேரடி வழித்தோன்றல்கள் என்பதை நிறுவுவதற்கு அது பயன்பட்டது. இதனால் அகழாய்வுகளுக்கும் பழைய கட்டிடங்களின் பாதுகாப்புக்கும் ஏழை நாடொன்றில் எதிர்பார்க்க முடியாத அளவு கவனம் கிடைத்தது. பெராட், ஜிரோகாஸ்தர் ஆகிய இரு நகரங்களும் 1961 ஆம் ஆண்டிலேயே "அருங்காட்சியக நகரங்கள்" என அறிவிக்கப்பட்டு, அவற்றின் பழைய பகுதிகளில் புதிய கட்டிடங்கள் எழுப்புவது கட்டுப்படுத்தப்பட்டது. அவ்விரு நகரங்களும் இன்று உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருப்பதற்கு அந்த அறிவிப்பு ஒரு முதன்மைக் காரணம்.

அதே அரசுதான் 1967 ஆம் ஆண்டில் எல்லாச் சமயங்களையும் தடை செய்தது. 2,000க்கும் மேற்பட்ட பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மடங்களும் மூடப்பட்டன. பல இடிக்கப்பட்டன, சில களஞ்சியங்களாகவும் விளையாட்டு மண்டபங்களாகவும் மாற்றப்பட்டன. பண்பாட்டு நினைவுச்சின்னம் எனப் பதியப்பட்டிருந்தவை மட்டும் பெரும்பாலும் தப்பின. இதனால் இந்நாட்டில் ஒரு பழைய தேவாலயத்தையோ பள்ளிவாசலையோ காணும் பயணி, அது ஏன் இன்னும் நிற்கின்றது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்பது பயனுடையது. அவ்வாறு தப்பியதற்குப் பெரும்பாலும் ஒரு தொல்லியலாளரின் பரிந்துரையோ பழைய பட்டியல் ஒன்றில் இருந்த ஒரு வரியோ காரணமாக இருக்கும்.

பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்தபின் அழிவு வேறு வடிவில் வந்தது. 1997 ஆம் ஆண்டில் "பிரமிட்" முறை நிதித் திட்டங்கள் சரிந்து, மக்களுட் பெரும்பகுதியினர் தமது சேமிப்பை இழந்தனர். ஆயுதக் கிடங்குகள் உடைக்கப்பட்டன. நாடு சில மாதங்கள் உள்நாட்டுப் போரின் விளிம்பில் இருந்தது. அக்காலத்தில் அருங்காட்சியகங்களும் கொள்ளையிடப்பட்டன. புத்ரிந்த், துரஸ் ஆகிய இடங்களின் சேகரிப்புக்களிலிருந்து அப்போது காணாமற்போனவற்றுள் ஒரு பகுதியே திரும்பக் கிடைத்துள்ளது.

திரானா

தலைநகரான திரானாவின் நடுவில் ஸ்கந்தர்பெக் சதுக்கம் உள்ளது. 2017 ஆம் ஆண்டில் இச்சதுக்கம் வாகனங்கள் அற்ற திறந்தவெளியாக மாற்றியமைக்கப்பட்டது. நாட்டின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட கற்கள் தளத்தில் பதிக்கப்பட்டுள்ளன.

சதுக்கத்தின் வடபுறத்தில் உள்ள தேசிய வரலாற்று அருங்காட்சியகம் 1981 ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. நாட்டின் மிகப் பெரிய அருங்காட்சியகம் இதுவே. இதன் முகப்பில் உள்ள "அல்பேனியர்கள்" என்னும் பெரிய மொசைக் ஓவியத்தில் இல்லிரிய வீரன் தொடங்கி இருபதாம் நூற்றாண்டுக் கெரில்லாப் போராளி வரை அணிவகுத்து நிற்கின்றனர். ஆட்சி மாறியபின் இவ்வோவியத்திலிருந்த செவ்விண்மீன் அகற்றப்பட்டது. துரசில் கிடைத்த, கிமு 4 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த "துரசின் அழகி" என்னும் பெண்முக மொசைக்கும், கீழே கூறப்படும் "புத்ரிந்தின் தேவி" சிலையும் இதன் சேகரிப்பில் உள்ள புகழ்பெற்ற பொருட்களாகும். அன்னை தெரேசாவுக்கும் இங்கு ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அவர் ஸ்கோப்ஜே நகரில் ஓர் அல்பேனியக் குடும்பத்தில் பிறந்தவர். அவரது தாயும் தமக்கையும் திரானாவில் வாழ்ந்து இறந்தனர். ஆனால் அவர் உயிருடன் இருந்த தாயைக் காண அக்கால அரசு இறுதிவரை அனுமதிக்கவில்லை. 2024 ஆம் ஆண்டில் அருங்காட்சியகக் கட்டிடம் விரிவான சீரமைப்புக்காக மூடப்பட்டது. ஆகவே திரானா செல்வோர், அது மீண்டும் திறக்கப்பட்டுள்ளதா என்பதை முன்னரே அறிந்து செல்லுதல் நல்லது.

சதுக்கத்தின் தென்கிழக்கு மூலையில் எத்தெம் பே பள்ளிவாசலும் மணிக்கூட்டுக் கோபுரமும் அருகருகே நிற்கின்றன. இரண்டும் 19 ஆம் நூற்றாண்டின் முதற் கால்பகுதியில் கட்டி முடிக்கப்பட்டவை. பள்ளிவாசலின் சுவர்களில் மரங்கள், பாலங்கள், நீர்வீழ்ச்சிகள் ஆகியவை தீட்டப்பட்டுள்ளன. இசுலாமியக் கலையில் இத்தகைய நிலக்காட்சிகள் பரவலாகக் காணப்படுவதில்லை. நினைவுச்சின்னம் எனப் பதியப்பட்டிருந்ததால் இது இடிபடாமல் தப்பியது. எனினும் தொழுகை தடுக்கப்பட்டிருந்தது. 1991 ஆம் ஆண்டு சனவரி 18 அன்று ஏறத்தாழ 10,000 பேர் அதிகாரிகளின் அனுமதியின்றி இதனுள் நுழைந்து தொழுதனர். அந்நிகழ்வு நாட்டில் சமய உரிமை மீண்டதன் அடையாளமாகக் கருதப்படுகின்றது.

பதுங்குகுழிகளும் இலைகளின் வீடும்

ஹோஜாவின் ஆட்சியில் யூகோஸ்லாவியா, சோவியத் ஒன்றியம், சீனா ஆகிய மூன்று நாடுகளுடனும் ஒன்றன்பின் ஒன்றாக உறவு முறிந்தது. எல்லாப் பக்கத்திலிருந்தும் படையெடுப்பு வரலாம் என அஞ்சிய அரசு, நாடெங்கும் கற்காரையால் ஆன பதுங்குகுழிகளைக் கட்டியது. இவற்றின் எண்ணிக்கை ஏழரை லட்சம் எனப் பரவலாக எழுதப்படுகின்றது. உண்மையில் கட்டி முடிக்கப்பட்டவை ஒரு லட்சத்து எழுபதாயிரத்தைச் சற்றே தாண்டும். அதுவே சிறிய எண்ணிக்கை அன்று. வயல்களிலும், கடற்கரையிலும், இடுகாடுகளிலும் கூட இவற்றின் காளான் போன்ற குவிந்த கூரைகளை இன்றும் காணலாம். எந்தப் போரிலும் எதிரிக்கு எதிராக இவை பயன்படவில்லை. வீடுகள் போதாமலிருந்த காலத்தில் அவ்வளவு சீமெந்தும் இரும்பும் இவற்றுக்குச் செலவாயின என்பதே அல்பேனியர் இவற்றைப் பற்றிப் பேசும்போது முதலிற் சொல்வது.

திரானாவின் கிழக்கு எல்லையில், டாயித்தி மலையடிவாரத்தில், அணுகுண்டுத் தாக்குதல் நேர்ந்தால் தலைமை ஒளிந்துகொள்வதற்கென 1970களில் குடையப்பட்ட பெரிய நிலவறை உள்ளது. நூற்றுக்கும் மேற்பட்ட அறைகளும், ஒரு கூட்ட மண்டபமும், ஹோஜாவுக்கென ஒதுக்கப்பட்ட அறைத்தொகுதியும் கொண்ட இது, 2014 ஆம் ஆண்டில் "பங்க் ஆர்ட்" என்னும் பெயரில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 2016 ஆம் ஆண்டில் நகர நடுவில், உள்துறை அமைச்சின் அடியிலுள்ள நிலவறையில், "பங்க் ஆர்ட் 2" திறக்கப்பட்டது. முதலாவது படைத்துறை வரலாற்றையும் அன்றாட வாழ்வையும் காட்டுகின்றது. இரண்டாவது, காவல்துறையையும் "சிகுரிமி" எனப்பட்ட இரகசியக் காவற்படையையும் பற்றியது. இரண்டாவதன் நுழைவாயிலாகப் புதிதாகக் கட்டப்பட்ட பதுங்குகுழி வடிவக் குவிமாடம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. வெறுக்கப்பட்ட ஒரு சின்னத்தை மீண்டும் ஏன் கட்டவேண்டும் எனக் கேட்டவர்கள், 2015 ஆம் ஆண்டு திசம்பரில் நடந்த ஓர் ஆர்ப்பாட்டத்தின்போது அதைச் சேதப்படுத்தினர். சேதமுற்ற பகுதி அடையாளமாக அவ்வாறே விடப்பட்டது.

இவ்விரண்டிலும் சிறிதாயினும், மனத்தில் அதிகம் தங்குவது "இலைகளின் வீடு" எனப்படும் இரகசியக் கண்காணிப்பு அருங்காட்சியகமே. முகப்பை மூடியிருக்கும் கொடியின் இலைகளால் இப்பெயர் வந்தது. 1931 ஆம் ஆண்டில் மகப்பேற்று மருத்துவமனையாகக் கட்டப்பட்ட இவ்வீடு, இரண்டாம் உலகப்போரின்போது செருமானிய இரகசியக் காவற்படையான கெசுடாப்போவின் கைக்கு வந்தது. போருக்குப் பின் சிகுரிமியின் ஒட்டுக்கேட்கும் நிலையமாயிற்று. தளபாடங்களுக்குள் மறைக்கப்பட்ட ஒலிவாங்கிகள், ஒலிப்பதிவுக் கருவிகள், கண்காணிப்பு அறிக்கைகள் ஆகியவை இங்கு வைக்கப்பட்டுள்ளன. 2017 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இவ்வருங்காட்சியகம் 2020 ஆம் ஆண்டுக்கான ஐரோப்பிய அவையின் அருங்காட்சியகப் பரிசைப் பெற்றது. யாரை யார் காட்டிக்கொடுத்தார் என்பது பல குடும்பங்களில் இன்னும் பேசப்படாத செய்தியாக இருக்கும் ஒரு நாட்டில், இவ்வாறான ஒரு வீட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது எளிதான முடிவன்று.

முன்னாள் தலைவர்கள் வாழ்ந்த "புளோக்" என்னும் பகுதி அக்காலத்தில் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டிருந்தது. இப்போது அது உணவகங்கள் நிறைந்த இடம். அதன் ஓரத்தில் 2013 ஆம் ஆண்டில் ஒரு சிறு நினைவிடம் அமைக்கப்பட்டது. அதில் ஒரு பதுங்குகுழி, பெர்லின் சுவரின் ஒரு துண்டு, ஸ்பாச் சிறையின் சுரங்கத்திலிருந்து எடுத்துவரப்பட்ட தூண்கள் ஆகிய மூன்றும் உள்ளன. இதை அமைத்தவர்களுள் ஒருவரான எழுத்தாளர் ஃபாத்தோஸ் லுபோன்யா அச்சிறையில் அடைக்கப்பட்டிருந்தவர்.

திரானாவின் "பிரமிட்" 1988 ஆம் ஆண்டில் ஹோஜாவின் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த குழுவில் அவரது மகளும் இருந்தார். மூன்றாண்டுகளுக்குள் அருங்காட்சியகம் மூடப்பட்டது. பின்னர் அது மாநாட்டு மண்டபமாகவும், 1999 ஆம் ஆண்டுக் கொசோவோப் போரின்போது நேட்டோவின் தளமாகவும் பயன்பட்டு, கைவிடப்பட்டுச் சிதைந்தது. அதன் சாய்ந்த சுவர்களில் ஏறிச் சறுக்கி விளையாடுவது திரானாச் சிறுவர்களின் ஒரு தலைமுறைப் பொழுதுபோக்காக இருந்தது. இடிக்கும் திட்டம் மக்கள் எதிர்ப்பால் நின்றது. 2023 ஆம் ஆண்டில் அது படிக்கட்டுகளுடன் கூடிய பண்பாட்டு, இளையோர் பயிற்சி மையமாக மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது எவரும் உச்சிவரை நடந்தே ஏறலாம்.

குரூயா

திரானாவுக்கு வடக்கே மலைச்சரிவில் அமைந்துள்ள குரூயா, அல்பேனியரின் தேசிய வீரரான ஸ்கந்தர்பெக்கின் கோட்டை நகரம். ஜியர்ஜ் கஸ்திரியோத்தி என்னும் இயற்பெயர் கொண்ட இவர் ஓட்டோமான் படையில் வளர்ந்தவர். 1443 ஆம் ஆண்டு நவம்பர் 28 அன்று சுல்தானுக்கு எதிராக இங்கு கொடியேற்றினார். 1450, 1466, 1467 ஆகிய ஆண்டுகளின் முற்றுகைகளைக் கோட்டை தாங்கியது. அவர் 1468 இல் இறந்து பத்தாண்டுகள் கழித்தே, 1478 இல், அது வீழ்ந்தது.

கோட்டைக்குள் உயர்ந்து நிற்கும் ஸ்கந்தர்பெக் அருங்காட்சியகத்தைப் பலரும் நடுக்காலக் கட்டிடம் என எண்ணிவிடுகின்றனர். அது 1982 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டதாகும். பிரமிட்டை வடிவமைத்த பிரன்வேரா ஹோஜாவும் பிர்ரோ வாசோவும் இதனை வடிவமைத்தனர். அங்கு கண்ணாடிப் பேழையில் காணப்படும், ஆட்டுத்தலை பொருத்திய தலைக்கவசமும் வாளும் கூடப் படிகளே. அசல்கள் இத்தாலி வழியாக ஆசுத்திரியாவை அடைந்து, இன்று வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு உரிய சேகரிப்பில் உள்ளன. 2012 ஆம் ஆண்டில், நாட்டின் விடுதலை நூற்றாண்டு விழாவுக்காக அவை திரானாவுக்குக் கடனாகக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் திருப்பி அனுப்பப்பட்டன.

அருகிலுள்ள இனவரைவியல் அருங்காட்சியகம் அவ்வளவு ஆரவாரம் இல்லாதது. ஆனால் பார்ப்பதற்கு உண்மையான பொருட்கள் அங்குதான் அதிகம். தொப்தானி குடும்பத்தின் 18 ஆம் நூற்றாண்டு வீட்டில் எண்ணெய்ச் செக்கு, கம்பளம் துவைக்கும் இடம், பட்டறை, விருந்தினர் அறை ஆகியவை பயன்பட்ட நிலையிலேயே காணப்படுகின்றன. கோட்டைக்கு இட்டுச்செல்லும் பழைய கடைத்தெருவில் தரைவிரிப்புகளும் வெண்ணிறக் கம்பளித் தொப்பிகளும் விற்கப்படுகின்றன.

துரசும் அப்பலோனியாவும்

ஏட்ரியாட்டிக் துறைமுகமான துரஸ், கிமு 627 இல் கிரேக்கரால் எப்பிடாம்னோஸ் என்னும் பெயரில் நிறுவப்பட்டது. கான்ஸ்டாண்டிநோப்பிள் வரை சென்ற ரோமானிய நெடுஞ்சாலையான எக்னாத்தியா இங்கிருந்து தொடங்கியது. கிபி 2 ஆம் நூற்றாண்டின் நீள்வட்ட அரங்கு, பால்கன் தீபகற்பத்தில் உள்ளவற்றுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 1966 ஆம் ஆண்டில் தொல்லியலாளர் வாஞ்சேல் தோச்சி இதைக் கண்டறியும் வரை, அதன் மேல் வீடுகளும் தோட்டங்களுமே இருந்தன. ஒரு பகுதியின் மேல் இன்றும் மக்கள் குடியிருக்கின்றனர். விலங்குகளும் மனிதரும் பொருதிய களத்தின் அடியில், பின்னாளில் அமைக்கப்பட்ட கிறித்தவச் சிற்றாலயம் ஒன்றின் சுவரில் பைசாந்திய மொசைக்குகள் எஞ்சியுள்ளன.

அப்பலோனியா, ஃபியேர் நகருக்கு அருகில் ஒலிவ மரங்களுக்கிடையே கிடக்கும் கைவிடப்பட்ட நகரம். கிமு 44 இல் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டபோது, பின்னாளில் அகஸ்டஸ் எனப் பெயர்பெற்ற ஆக்டேவியன் இங்கு கல்வி கற்றுக்கொண்டிருந்தார். செய்தி இங்குதான் அவரை அடைந்தது. பிற்காலத்தில் நிலநடுக்கம் ஒன்றின் விளைவாக ஆறு தன் போக்கை மாற்றிக்கொள்ள, துறைமுகம் தூர்ந்து நகரம் தேய்ந்தது. மரியாள் மடத்தின் கட்டிடங்களில் 1958 இல் அமைந்த அருங்காட்சியகம், 1990களின் கொள்ளைக்குப் பின் நீண்டகாலம் மூடிக்கிடந்து 2011 ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. நகரின் பரப்பில் சிறு பகுதியே இதுவரை அகழப்பட்டுள்ளது.

பெராட்

ஓசும் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்துள்ள பெராட், "ஆயிரம் சாளரங்களின் நகரம்" எனப்படுகின்றது. மங்கலெம் என்னும் பகுதியில் வெள்ளை வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மலைச்சரிவில் ஏறுகின்றன. ஒவ்வொன்றின் முகப்பிலும் வரிசையாகச் சாளரங்கள் உள்ளதால் தொலைவிலிருந்து நோக்குகையில் சுவரைவிடச் சாளரமே அதிகமாகத் தோன்றும். ஆற்றின் மறுகரையில் உள்ள கொரிட்சாவை 18 ஆம் நூற்றாண்டுக் கற்பாலம் இணைக்கின்றது. மலையுச்சிக் கோட்டையான "கலா"வினுள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. பழைய தேவாலயங்களுக்கிடையே துணி உலர்வதையும் காணலாம்.

கோட்டையிலுள்ள மரியாள் பேராலயம் 1797 ஆம் ஆண்டில் மீளக்கட்டப்பட்டது. 1986 முதல் அது ஒனுஃப்ரி அருங்காட்சியகமாக உள்ளது. ஒனுஃப்ரி 16 ஆம் நூற்றாண்டின் சமய ஓவியர். அவரது செந்நிறம் தனித்து அறியப்படுவது. அதன் சேர்மானம் அவருடன் மறைந்ததாகக் கூறுவர். அவர் பைசாந்திய மரபின் விறைத்த உருவங்களுக்குள் அக்கால மக்களின் முகங்களையும் உடைகளையும் கொண்டுவந்தார். மரத்தில் செதுக்கிப் பொன்பூசிய பலிபீடத் திரை, கட்டிடம் வழிபாட்டிடமாக இருந்ததை நினைவூட்டுகின்றது. சமயத் தடைக் காலத்தில் பல ஓவியங்கள் எரிக்கப்பட்டன என்பதைக் கருதும்போது, இங்கு எஞ்சியுள்ளவற்றின் மதிப்பு விளங்கும்.

பெராட்டின் மிக அரிய பொருள் இப்போது பெராட்டில் இல்லை. 6 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஊதா நிறத் தோல் ஏடுகளில் வெள்ளி எழுத்துகளால் எழுதப்பட்ட நற்செய்திச் சுவடி ஒன்றும், 9 ஆம் நூற்றாண்டின் பொன்னெழுத்துச் சுவடி ஒன்றும் இந்நகரத்துத் தேவாலயத்தாரால் பல நூற்றாண்டுகள் காக்கப்பட்டு வந்தன. இரண்டாம் உலகப்போரின்போது இவை படையினர் கையில் சிக்காதிருக்க மறைத்துவைக்கப்பட்டன. மறைத்தவர்கள் அமைதி காத்தனர். 1968 ஆம் ஆண்டில்தான் அவை மீண்டும் வெளிப்பட்டன. சமயம் சட்டத்துக்குப் புறம்பான ஆண்டுகளில், 1971 இல், அதே அரசு இந்நற்செய்தி ஏடுகளைச் சீர்செய்யச் சீனாவுக்கு அனுப்பியது. ஒரு புறம் தேவாலயங்களை இடித்துக்கொண்டு, மறுபுறம் அவற்றின் ஏடுகளை உலகின் இன்னொரு மூலைக்கு அனுப்பிக் காப்பாற்றிய இம்முரண்பாடு அக்காலத்தின் இயல்பை நன்கு காட்டுகின்றது. இச்சுவடிகள் திரானாவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டுள்ளன. 2005 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

நகரின் எதிரேயுள்ள ஷ்பிராக் மலையில் 1960களின் இறுதியில் "என்வர்" என்னும் பெயர் பேரளவு எழுத்துகளில் கற்களால் பொறிக்கப்பட்டது. 2012 ஆம் ஆண்டில் ஓவியர் அர்மாந்தோ லுலாய், ஊரார் துணையுடன் முதல் இரண்டு எழுத்துகளை இடம்மாற்றினார். இப்போது அது "ஒருபோதும் இல்லை" எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாக வாசிக்கப்படுகின்றது.

ஜிரோகாஸ்தர்

தெற்கே, திரினோ ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும் ஜிரோகாஸ்தர் முழுக்கக் கல்லால் ஆன நகரம். சுவரும் கல், தெருவும் கல், கூரை கூடச் சாம்பல் நிறக் கற்பலகைகளால் வேயப்பட்டது. 1811 அளவில் கட்டப்பட்ட செக்காத்தே வீடு இங்குள்ள கோபுர வீடுகளுள் சிறந்தது. கீழ்த்தளத்தில் நீர்த்தொட்டியும் களஞ்சியமும், மேலே குளிர்கால அறைகள், உச்சியில் காற்றோட்டமான கோடைக்கால அறைகள் என இவ்வீடுகள் அமைந்துள்ளன. பெண்கள் தாம் பார்க்கப்படாமல் விருந்தினர் அறையைப் பார்ப்பதற்கான மரத்திரை மாடங்களும் உண்டு.

கோட்டை, அலி பாசாவின் காலத்தில் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவாக்கப்பட்டது. பின்னர் சோகு மன்னரின் அரசு அதில் சிறை அமைத்தது. அச்சிறை செருமானியராலும் பின்வந்த பொதுவுடைமை அரசாலும் பயன்படுத்தப்பட்டது. கோட்டை மேற்பரப்பில் 1957 ஆம் ஆண்டில் அல்பேனியாவில் தரையிறங்க நேர்ந்த அமெரிக்க வான்படை விமானம் ஒன்று துருப்பிடித்து நிற்கின்றது. "பிடிபட்ட உளவு விமானம்" என அது காட்சிப்படுத்தப்பட்டது. நாட்டுப்புறக் கலைகளுக்கான தேசிய விழா 1968 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இக்கோட்டையில் நடைபெற்று வருகின்றது.

இருவேறு வகையில் நாட்டின் வரலாற்றைத் தீர்மானித்த இருவர் இந்நகரின் அடுத்தடுத்த தெருக்களில் பிறந்தனர். ஒருவர் என்வர் ஹோஜா. மற்றவர் எழுத்தாளர் இஸ்மாயில் கதாரே (1936 - 2024). ஹோஜா பிறந்த வீடு எரிந்து, 1966 இல் மீளக்கட்டப்பட்டு, இப்போது இனவரைவியல் அருங்காட்சியகமாக உள்ளது. வழிகாட்டிகள் பலர் அறைகளையும் கலன்களையும் விளக்குகின்றனர். வீட்டுக்குரியவரைப் பற்றிக் கேட்டாலன்றி அதிகம் பேசுவதில்லை. கதாரேயின் வீடு 1999 ஆம் ஆண்டில் தீக்கிரையாகிப் பின்னர் மீளமைக்கப்பட்டு, பார்வையாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜிரோகாஸ்தரைச் சிறுவன் ஒருவனின் கண்ணால் காட்டும் அவரது "கல்லில் ஒரு வரலாறு" என்னும் புதினத்தை வாசித்துச் செல்வோருக்கு, இந்நகரின் சரிவான தெருக்கள் முன்பே பழகியவை போலத் தோன்றும்.

புத்ரிந்த்

நாட்டின் தென்கோடியில், சராண்டா நகரிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில், ஏரிக்கும் கடற்கால்வாய்க்கும் நடுவே புத்ரிந்த் அமைந்துள்ளது. கிரேக்கர், ரோமர், பைசாந்தியர், வெனிசியர் ஆகியோரின் கட்டிடங்கள் ஒரே காட்டினுள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் இடம் இது. ரோமானியக் கவிஞர் வேர்ஜில் தமது "ஏனீடு" காவியத்தில், திராய் நகரிலிருந்து தப்பியோர் கட்டிய ஊராக இதைக் காட்டுகின்றார்.

இத்தாலியத் தொல்லியலாளர் லூய்ஜி மரியா உகோலினி 1928 ஆம் ஆண்டில் இங்கு அகழாய்வைத் தொடங்கினார். அவரை முசோலினியின் அரசு அனுப்பியதற்கு, ரோமுடன் இந்நிலத்துக்குள்ள பழந்தொடர்பைக் காட்டும் அரசியல் நோக்கமும் இருந்தது. கிமு 3 ஆம் நூற்றாண்டின் அரங்கில் அவர் கண்டெடுத்த அழகிய தலை ஒன்று "புத்ரிந்தின் தேவி" எனப் புகழ்பெற்றது. உண்மையில் அது அப்பல்லோவின் தலை என்றும், பெண் உடலொன்றுடன் பொருத்தப்பட்டிருந்தது என்றும் பின்னர் அறியப்பட்டது; பெயர் மட்டும் மாறவில்லை. அத்தலை இத்தாலிக்கு அன்பளிப்பாகச் சென்றது. 1982 ஆம் ஆண்டில்தான் அல்பேனியாவுக்குத் திரும்பியது.

அரங்கின் சுவரில், அடிமைகளை விடுதலை செய்ததைப் பதியும் கிரேக்கக் கல்வெட்டுகள் வரிசையாக உள்ளன. பெயர்களை வாசிக்க இயலாதவரும் அருகில் சென்று பார்க்கத்தக்கவை இவை. 6 ஆம் நூற்றாண்டின் திருமுழுக்கு மண்டபத்தில் பதினாறு தூண்கள் இரு வட்டங்களாக நிற்கின்றன. அவற்றின் கீழே மயில்கள், மான்கள், நீர்ப்பறவைகள் கொண்ட மொசைக் தளம் உள்ளது. பெரும்பாலான காலங்களில் அது மணலால் மூடிவைக்கப்பட்டிருக்கும். நிலத்தடி நீர் ஏறிக்கொண்டிருப்பதே காரணம். அரங்கின் தரையும் அடிக்கடி நீரில் மூழ்கி, ஆமைகள் நீந்தும் குளமாகிவிடுகின்றது. படம் எடுப்போருக்கு அது இனிய காட்சி. கட்டிடத்துக்கோ அது மெல்லிய அழிவு.

1997 ஆம் ஆண்டுக் கொள்ளைக்குப் பின் புத்ரிந்த், ஆபத்துக்குள்ளான உலகப் பாரம்பரியங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் சுற்றியுள்ள சதுப்புநிலமும் காடும் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. இதனால் கரையோர விடுதிகள் அக்காலத்தில் நெருங்கவில்லை. 2005 ஆம் ஆண்டில் அது ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

வடக்கும் கிழக்கும்

வடக்கிலுள்ள ஷ்கோடரில் ரொசாஃபா கோட்டை உள்ளது. பகலில் கட்டிய மதில் இரவில் இடிந்துவிழ, மூன்று உடன்பிறந்தாருள் இளையவனின் மனைவி உயிருடன் மதிலில் வைத்துக் கட்டப்பட்டாள் என்பது கதை. கைக்குழந்தைக்குப் பாலூட்ட ஒரு மார்பையும், தாலாட்ட ஒரு கையையும், தொட்டிலை ஆட்ட ஒரு காலையும் வெளியே விடுமாறு அவள் கேட்டாளாம். வாயிற் சுவரில் வடியும் சுண்ணாம்பு நீர் அவளது பால் என்பர்.

இந்நகரின் மருபி தேசிய ஒளிப்பட அருங்காட்சியகம், நாட்டிலுள்ள அருங்காட்சியகங்களுள் தனித்தன்மை வாய்ந்தது. இத்தாலியிலிருந்து 1850களில் வந்த பியேத்ரோ மருபி இங்கு ஒளிப்பட நிலையம் அமைத்தார். அவரது உதவியாளர் மிகெல் கொதேலி, ஆசிரியரின் குடும்பப்பெயரை ஏற்றுக் கெல் மருபி ஆனார். கெல்லின் மகன் கெக் மருபி மூன்றாம் தலைமுறை. 1858 தொடங்கிச் சேர்ந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் எதிர்மறைத் தகடுகள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. மலைக்குடித் தலைவர்கள், மணமக்கள், வணிகர், கைதிகள் என ஒரு நாட்டின் முகங்கள் நூறாண்டுக்காலம் ஒரே குடும்பத்தின் கருவியால் பதிவாயின. 2016 ஆம் ஆண்டு முதல் இவற்றுள் தேர்ந்தவை புதிய கட்டிடத்தில் காட்சிக்கு உள்ளன.

அதே நகரில், உள்துறை அமைச்சின் கிளையாகவும் விசாரணைச் சிறையாகவும் இருந்த கட்டிடம் 2014 ஆம் ஆண்டில் நினைவு அருங்காட்சியகமாக்கப்பட்டது. நகருக்கு வெளியே, 13 வளைவுகளுடன் 108 மீட்டர் நீளமான மெஸ் கற்பாலம் 18 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

தென்கிழக்கே கொர்ச்சாவில் நடுக்காலக் கலைகளுக்கான தேசிய அருங்காட்சியகம் ஆயிரக்கணக்கான சமய ஓவியங்களைக் கொண்டுள்ளது. 1887 ஆம் ஆண்டு மார்ச் 7 அன்று அல்பேனிய மொழியில் கற்பித்த பள்ளி திறக்கப்பட்ட வீடும் இங்கு அருங்காட்சியகமாக உள்ளது. வ்லோராவில், 1912 நவம்பர் 28 அன்று விடுதலையை அறிவித்த இஸ்மாயில் செமாலியின் முதல் அரசு இயங்கிய கட்டிடத்தைக் காணலாம்.

இழப்புகளும் சர்ச்சைகளும்

2019 நவம்பர் 26 அன்று ஏற்பட்ட நிலநடுக்கத்தில் 51 பேர் உயிரிழந்தனர். துரசின் நகர மதில், குரூயாக் கோட்டை முதலியன சேதமுற்றன. பல சின்னங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் சீரமைக்கப்பட்டன.

இயற்கையால் அன்றி முடிவெடுத்து நிகழ்ந்த இழப்புகளுள் பெரிதாகப் பேசப்படுவது தேசிய நாடக அரங்கின் இடிப்பு. 1939 ஆம் ஆண்டளவில் இத்தாலியரால் கட்டப்பட்ட இக்கட்டிடத்தைக் காப்பாற்றக் கலைஞர்கள் இரண்டாண்டுகளுக்கு மேல் போராடினர். ஐரோப்பாவின் ஆபத்துக்குள்ளான ஏழு பாரம்பரிய இடங்களுள் ஒன்றாக அது 2020 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மே 17 அன்று, கொரோனாப் பெருந்தொற்றுக் கால முடக்கத்தின்போது, விடியுமுன் இடிக்கப்பட்டது.

மிர்தித்தா மலைப்பகுதியிலுள்ள ஸ்பாச் சிறை வேறு வகையில் மறைந்து வருகின்றது. 1968 முதல் அரசியற் கைதிகள் அங்கு செம்புச் சுரங்கத்தில் வேலை வாங்கப்பட்டனர். 1973 இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். சிறை மூடப்பட்டபின் கதவுகளும் இரும்பும் கழற்றிச் செல்லப்பட்டன. கூரையற்ற அடுக்குமாடிகள் மட்டும் நிற்கின்றன. அங்கு இருந்தவர்களுள் உயிருடன் உள்ளோரின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து வருவதால், அதைப் பாதுகாப்பது காலத்துடனான போட்டியாகியுள்ளது.

செல்லும் வழி

திரானாவிலுள்ள அன்னை தெரேசா பன்னாட்டு விமான நிலையம் முதன்மை நுழைவாயில். கிரேக்கத் தீவான கோர்ஃபுவிலிருந்து சராண்டாவுக்குப் படகுச் சேவை உண்டு. புத்ரிந்தை மட்டும் காண விரும்புவோர் பலர் இவ்வழியே வருகின்றனர். நகரங்களுக்கிடையே பேருந்துகளும் "ஃபுர்கோன்" எனப்படும் சிற்றுந்துகளும் ஓடுகின்றன. பெராட்டும் ஜிரோகாஸ்தரும் கூழாங்கல் பாவிய செங்குத்தான தெருக்களைக் கொண்டவை என்பதால் வழுக்காத காலணி தேவை. மழை நாளில் உள்ளூரார் கூடச் சுவரைப் பிடித்தே இறங்குவர். கோடையின் நடுப்பகுதியில் வெயிலும் கூட்டமும் மிகுதி. மே, செப்டம்பர் மாதங்கள் ஏற்றவை. புத்ரிந்தின் வாயிலுக்கு எதிரே, விவாரிக் கால்வாயைக் கடக்க வடக்கயிற்றால் இழுக்கப்படும் மரத்தட்டுப் படகு ஒன்று உள்ளது. அதில் கடந்தால் மறுகரையில் வெனிசியரின் முக்கோணக் கோட்டையை அடையலாம்.